காரணம் எங்கே எழுதியிருக்கிறது?

பல மென்பொருள் நிறுவனங்களில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரி வரியாகப் படித்துப் பார்த்த பிறகுதான் அது அடுத்த கட்டத்துக்குப் போகும். கோட் ரிவியூ என்று பெயர். படிப்பவர் கண்ணில் படும் குறைகளைப் பதிந்து வைக்க இதற்கென்றே கருவிகள் உண்டு. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன குறை, எவ்வளவு தீவிரமானது, கண்டுபிடித்தவர் யார், திருத்த வேண்டியவர் யார், இன்றைய நிலை என்ன என்பதெல்லாம் அதில் ஏறும். எங்கள் அலுவலகத்திலேயே உருவாக்கிப் பயன்படுத்தும் அப்படிப்பட்ட ஒரு கருவிக்குக் கையேடு எழுதும் வேலை இப்போது என் கையில் இருக்கிறது. கேட்பவர்களுக்கு உப்புச் சப்பில்லாத வேலையாகத் தோன்றலாம். எழுத எழுத எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. தான் அறிந்த ஒன்றை, தான் பார்க்கவே போகாத ஒருவரிடம் ஒரு மனிதர் எப்படி ஒப்படைத்துவிட்டுப் போவது என்ற கேள்வியை இந்த வேலை தினமும் என் முன் வைக்கிறது.

அந்தக் கருவியில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு நிலை உண்டு. ‘ஓபன்’ என்றால் குறை அப்படியே இருக்கிறது. ‘ஃபிக்ஸ்டு’ என்றால் திருத்தியாயிற்று. இந்த இரண்டிலும் குழப்பம் இல்லை. மூன்றாவது, ‘வோன்ட் ஃபிக்ஸ்’. குறை இருப்பது தெரியும், ஆனாலும் திருத்தப் போவதில்லை. இதைத் தேர்ந்தெடுத்தால் கீழே ‘காரணம்’ என்று ஒரு பெட்டி திறக்கும். அதைக் காலியாக விட்டுவிட்டு நகர முடியாது. ஆகவே எல்லோரும் எதையாவது நிரப்புகிறார்கள். ‘ஓகே’ என்று சிலர். ‘டிஸ்கஸ்டு’ என்று பலர். வெறும் முற்றுப்புள்ளி வைத்தவர்களும் உண்டு. யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ரிலீஸ் நெருக்கடியில், பக்கத்து இருக்கைக்காரரோடு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. பேசிய இருவருக்கும் காரணம் நன்றாகத் தெரியும். தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றுவது இயல்புதான்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அந்தப் பெட்டியைக் காட்டி என்னிடம் கேட்டார்: “அக்கா, ‘டிஸ்கஸ்டு’னு மட்டும் போட்டிருக்காங்க. யாரு யாருகிட்ட என்ன பேசுனாங்கன்னு ஒண்ணுமே இல்ல. இப்ப நான் இந்த ஃபங்ஷன மாத்தலாமா, வேண்டாமா?”

“அத எழுதுனவர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரேம்மா” என்றுதான் சொல்ல முடிந்தது.

மாற்றலாமா, வேண்டாமா? இந்தத் துறையில் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடங்கள் சில, இந்தக் கேள்விக்கு விடை எழுதி வைக்காததால் வந்தவை.

ரிவியூவில் கண்டதை எழுதி வைப்பதை ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகன். 1976இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் வெளிவந்த அவருடைய கட்டுரை இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. கூட்டத்தை நடத்துபவர், வடிவமைத்தவர், நிரல் எழுதியவர், சோதனை செய்பவர் என்று நான்கு பேர் உட்கார வேண்டும். ஓர் அமர்வு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கண்ட குறை ஒவ்வொன்றும் விடுபட்டதா, தவறானதா, தேவைக்கு மேல் இருப்பதா என்று வகை பிரித்து எழுதப்படும். தீர்வு தேடி அங்கே நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. குறையைக் கண்டு பதிவதுதான் அந்த அறையில் நடக்க வேண்டிய வேலை. கூட்டம் முடிந்த ஒரு நாளுக்குள் அதை நடத்தியவர் அறிக்கையை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஒரு நாள் கெடுவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் கழிந்தால் என்ன கண்டோம் என்பது நினைவிருக்கும். அதைக் குறை என்று ஏன் நினைத்தோம் என்பது மங்கத் தொடங்கியிருக்கும். ஒரு மாதம் கழிந்தால் முடிவு மட்டும் எஞ்சும். மனித மனம் முடிவுகளைப் பத்திரப்படுத்துகிறது, அவற்றுக்கு வந்து சேர்ந்த வழியை முதலில் உதறிவிடுகிறது. வீட்டிலும் அப்படித்தான். எந்தக் காரணத்துக்காக ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாத பழக்கங்கள் எத்தனையோ குடும்பங்களில் கட்டளையாகவே நிற்கின்றன.

1996ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதல் முறையாகப் புறப்பட்டது. நாற்பது விநாடிகூட ஆகவில்லை. பாதையிலிருந்து விலகி, உடைந்து, வெடித்துச் சிதறியது. பிரெஞ்சுக் கணித மேதை ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் தேதியிட்ட அறிக்கை வந்தது. காரணம் மென்பொருளில் இருந்தது. ராக்கெட்டின் நிலையையும் நகர்வையும் அளந்து சொல்லும் கருவியில், 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்காத அளவுக்கு எண் பெரிதாகிவிட்டது. கருவி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக்கு வைத்திருந்த இன்னொரு கருவியிலும் அதே மென்பொருள்தான். அது அதற்குச் சற்று முன்பே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது.

இதுவரை பலரும் அறிந்த கதை. அறிக்கையின் உள்ளே இருக்கும் இன்னொரு செய்திதான் என்னை உலுக்கியது. அந்த மென்பொருளை எழுதியவர்கள் இப்படி எண் பெரிதாகும் ஆபத்தை முன்பே ஆராய்ந்திருந்தார்கள். ஆபத்துக்கு இடமுள்ள மாறிகள் ஏழு என்று கண்டார்கள். நான்குக்குக் காப்பு வைத்தார்கள். மூன்றை விட்டுவிட்டார்கள். கணினியின் வேலைப் பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த மூன்றும் இயற்பியல் வரம்புக்குள்தான் இருக்கும், அல்லது போதுமான இடைவெளி இருக்கிறது என்று கணித்தார்கள். அவர்கள் எழுதியது ஏரியன் 4 ராக்கெட்டுக்கு. அங்கே அந்தக் கணிப்பு சரி. கவனக்குறைவு இல்லை, சோம்பல் இல்லை. யோசித்து, ஒப்புக்கொண்டு எடுத்த முடிவு.

பிறகு அதே மென்பொருள் ஏரியன் 5க்கு வந்தது. புதிய ராக்கெட்டின் பாதை வேறு. பயணத்தின் தொடக்கத்திலேயே அதன் கிடைமட்ட வேகம் ஏரியன் 4ஐவிட மிக அதிகமாகிவிடும். காப்பில்லாமல் விட்ட மூன்று மாறிகளில் ஒன்று அந்த வேகத்தோடு தொடர்புடையது. இதில் இன்னும் வேதனையான ஒன்று உண்டு. குறிப்பிட்ட அந்தக் கணக்கு, ஏரியன் 5 தரையை விட்டு எழும்பிய பிறகு தேவையே இல்லாதது. பழைய ராக்கெட்டில் தேவைப்பட்டது என்பதால் புதிதிலும் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும் மென்பொருளில் கை வைக்க வேண்டாமே என்ற எச்சரிக்கை உணர்வுதான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

அந்த மூன்று மாறிகளுக்கு ஏன் காப்பு வைக்கவில்லை என்ற காரணத்தை நிரலில் தேடியபோது அங்கே இல்லை என்று விசாரணைக் குழு எழுதியது. இப்படிப்பட்ட பெரிய திட்டங்களில் ஆவணங்கள் மலையாகக் குவியும். அந்த மலையில், எல்லோரும் ஒப்புக்கொண்ட அந்த அனுமானம் யாரும் மறைக்காமலே மறைந்துபோனது. ரிவியூ செய்ய வந்த வெளியாட்களின் கண்ணுக்கு அது எட்டவில்லை. குழு தந்த பரிந்துரைகளில் ஒன்று: நிரலுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை அதன் காரணங்களைச் சொல்லும் ஆவணங்களுக்கும் கொடுங்கள், நிரலும் காரணமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையேடு எழுதுகிற எனக்கு இந்தப் பரிந்துரை ஒரு வேலை உத்தரவு போலவே படுகிறது.

இன்றைய சொல்லில் சொன்னால், ஏரியன் 4 குழு மூன்று குறிப்புகளை ‘வோன்ட் ஃபிக்ஸ்’ என்று மூடியது. தகுந்த காரணத்தோடுதான் மூடியது. அந்தக் காரணம் குறிப்போடு சேர்ந்து பயணம் செய்யவில்லை. முடிவு ராக்கெட் ஏறியது, காரணம் கோப்பறையிலேயே தங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான இன்னொரு நிகழ்ச்சி உண்டு. டெபியன் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் தொகுப்பு. அதில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற ரகசியக் குறியாக்க மென்பொருளும் அடங்கும். 2006இல், நிரலில் உள்ள நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி, ஓபன்எஸ்எஸ்எல்லின் சில இடங்களைப் பற்றி முறையிட்டது. இன்னும் எதுவும் எழுதப்படாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்பது முறையீடு. டெபியனில் அதன் பராமரிப்பாளர் தேடிப் பார்த்தபோது இரண்டு இடங்கள் கிடைத்தன. இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வரி.

ஒரு இடத்தில் அந்த வரியின் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு இருந்தது: ப்யூரிஃபை என்ற இன்னொரு சோதனைக் கருவி இங்கே முறையிடும் என்று. இன்னொரு இடத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. முதல் வரியை நீக்கினால் ஒன்றும் ஆகாது. இரண்டாவது வரி வழியாகத்தான், குறியாக்கச் சாவிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி ஆக்கும் எதேச்சைத்தன்மை முழுவதும் உள்ளே வந்துகொண்டிருந்தது. பராமரிப்பாளர் தன்னிச்சையாகச் செயல்படவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் தரப்பில் கேட்டார். ஆபத்து என்று யாரும் தடுக்கவில்லை. இரண்டு வரிகளும் போயின. அதன் பிறகு உருவான சாவிகளில் ஊகிக்க முடியாததாக எஞ்சியது, ஓடும் நிரலுக்கு லினக்ஸ் கொடுக்கும் வரிசை எண் மட்டுமே. அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். ஒரு சாதாரணக் கணினியே அத்தனையையும் முயன்று பார்த்துவிடும். 2006 செப்டம்பர் பதிப்பில் நுழைந்த இந்த ஓட்டையை லூசியானோ பெல்லோ கண்டுபிடித்தார். 2008 மே 13 அன்று அறிவிப்பு வந்தது. டெபியனையும் அதை அடியாகக் கொண்ட உபுண்டுவையும் பயன்படுத்தியவர்கள் பழைய சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஏரியனில், தொட்டிருக்க வேண்டிய வரியை யாரும் தொடவில்லை. டெபியனில், தொடக் கூடாத வரியை ஒருவர் தொட்டார். ஒன்று அச்சத்தால் விளைந்தது, மற்றது துணிவால் விளைந்தது என்று பிரித்துவிடலாம். அது மேலோட்டமான பிரிவு. இரு இடத்திலும் நிரலின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் திறமைசாலிகள், நல்ல எண்ணம் உள்ளவர்கள். இருவருக்கும் கிடைக்காமல் போனது ஒன்றேதான். இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது, எது மாறினால் இதையும் மாற்ற வேண்டும் என்று முன்னால் இருந்தவர் விட்டுச்சென்ற ஒரு சொல்.

நிலம் வாங்கும்போது நாம் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதை நினைத்துக்கொள்கிறேன். அந்தச் சான்று நிலம் நல்லதா, விளையுமா, வீடு கட்டினால் தாங்குமா என்று எதையும் சொல்லாது. இந்த நிலத்தின் மேல் இன்ன ஆண்டில் இன்னாருக்கு விற்பனை நடந்தது, அடமானம் வைத்தார்கள், மீட்டார்கள் என்று மட்டும் சொல்லும். அதைப் படித்துவிட்டுத்தான் நாம் அச்சமின்றி நிலத்தில் கால் வைக்கிறோம். ரிவியூ பதிவும் அந்த வேலையைத்தான் செய்கிறது. நிரல் நல்லது என்று அது சான்று தருவதில்லை. இதன் மேல் என்னென்ன சந்தேகங்கள் எழுந்தன, அவற்றை என்ன செய்தார்கள், எதைத் தெரிந்தே விட்டுவைத்தார்கள் என்று சொல்கிறது.

கருவிகளை உருவாக்குபவர்களுக்கு இது புரியாமல் இல்லை. நிரலைத் தானாகவே அலசிக் குறைகளைச் சொல்லும் மென்பொருள்கள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் முடிவுகளைத் தந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பொதுவாக ‘சாரிஃப்’ என்ற வடிவத்தை ஓயசிஸ் அமைப்பு உருவாக்கியது; அதன் 2.1.0 பதிப்பு 2020இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதில் ஒரு குறையை மூடிவைக்க இடம் இருக்கிறது. மூடியதற்கு நியாயம் எழுதவும் தனி இடம் இருக்கிறது. மூடியதை ஏற்றுக்கொண்டார்களா, இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா, நிராகரித்தார்களா என்று நிலையும் உண்டு. மேலே பத்து வரி சேர்த்தால் 40ஆம் வரியில் இருந்த குறை 50ஆம் வரிக்குப் போய்விடும். வரி எண் மாறினாலும் இது அதே பழைய குறைதான் என்று அடையாளம் காணவும் அதில் வழி செய்திருக்கிறார்கள். குறையைப் போலவே அதைப் பற்றிய முடிவும் நிரலோடு நகர வேண்டும் என்ற அறிவு இந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது.

பதிவு எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். ஆண்ட்ராய்டு திட்டத்துக்காகப் பிறந்த கெரிட் என்ற ரிவியூ கருவி தொடக்கத்தில் விவாதங்களைத் தனித் தரவுத்தளத்தில் வைத்தது. பின்னர் படிப்படியாக அவற்றை நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே கொண்டுவந்து, 2019இல் வந்த 3.0 பதிப்போடு பழைய தரவுத்தளத்தைக் கைவிட்டது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தில் முன்பு, ரிவியூ ஆன மாற்றத்தின் குறிப்பில் கடைசியில் அந்த ரிவியூ நடந்த பக்கத்தின் முகவரி இருக்கும் வழக்கம் இருந்தது. அந்த ரிவியூக்கள் நடந்த ஃபேப்ரிகேட்டர் மென்பொருளின் வளர்ச்சியை அதைப் பராமரித்துவந்த நிறுவனம் 2021இல் நிறுத்திவிட்டது. எல்எல்விஎம் 2023இல் வேறு இடத்துக்கு மாறியது. மாறும்போது பழைய ரிவியூக்களை அப்படியே படிக்கக்கூடிய காப்பகமாக வைத்தார்கள். கருவி போனாலும் பேச்சு போகக் கூடாது என்ற அக்கறை இது. இதைச் செய்தவர்களை நான் வணங்குகிறேன்.

இவ்வளவும் கருவியால் ஆகும். இதற்கு மேல் கருவியால் ஆகாது. பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்று அது வற்புறுத்தலாம். அதில் உண்மை இருக்க வேண்டும் என்று அதனால் வற்புறுத்த முடியாது. கையேட்டின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் திரை வரும் என்று எழுதுவது எளிது. அது இல்லாமலும் மக்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஒரு குறிப்பு எப்போது உண்மையில் முடிந்ததாகும், திருத்த மாட்டோம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, அந்த முடிவு எத்தனை நாளைக்குச் செல்லும் என்பவை எந்தத் திரையிலும் தெரியாது. கையேடு சொல்லாவிட்டால் ஒவ்வொரு குழுவும் தனக்குத் தோன்றியபடி புரிந்துகொள்ளும். ஒரே சொல்லுக்குள் பத்து விதமான முடிவுகள் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே கையேட்டில் ஒரு மாதிரியை எழுதினேன். ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதுவதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள் என்று:

“இங்கே வரும் எண்ணுக்கு உச்ச வரம்பு பார்க்கப்படவில்லை. ஒரு கிளையின் பில்கள் மட்டுமே இந்த வழியாக வருவதால் எண் வரம்பைத் தாண்டாது, அதனால் இப்போது விட்டுவைக்கிறோம். அதனால் இப்போது விட்டுவைக்கிறோம். எல்லாக் கிளைகளின் பில்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் இதைக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும்.”

மூன்றே வாக்கியங்கள். என்ன கண்டோம், ஏன் விட்டோம், எது மாறினால் இந்த முடிவு செல்லாது. எழுத இரண்டு நிமிடம் ஆகலாம். மூன்றாவது வாக்கியத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். எழுதுபவர் தன் முடிவு காலாவதி ஆகும் இடத்தைத் தானே குறித்துக் கொடுக்கிறார். ஏரியன் 4இன் அந்த மூன்று மாறிகளின் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்திருந்தால், புதிய ராக்கெட்டின் பாதையைக் கையில் வைத்திருந்த யாராவது ஒருவர் அங்கே நின்றிருப்பார் என்று நம்புகிறேன்.

இப்படி எழுத மனம் வர வேண்டுமானால் அச்சம் இருக்கக் கூடாது. ஃபேகன் இதையும் முன்பே கண்டார். ரிவியூவில் கிடைத்த குறைகளின் எண்ணிக்கையை வைத்து நிரல் எழுதியவரை எடைபோடக் கூடாது என்று அந்த 1976 கட்டுரையிலேயே எச்சரித்தார். அப்ரைசல் நேரத்தில் அந்தப் பட்டியல் மேலாளர் கைக்குப் போகும் என்று தெரிந்தால், குறைகள் வாய்ப்பேச்சிலேயே தீர்ந்துவிடும், பதிவில் ஏறாது. பட்டியல் சுத்தமாக இருக்கும், நிரல் சுத்தமாக இருக்காது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மென்பொருளை எழுதிய ஹூஸ்டன் குழுவைப் பற்றிப் படித்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. சுமார் 4,20,000 வரிகள் கொண்ட நிரல். ஒவ்வொரு வரியும் எப்போது, ஏன் மாறியது என்று ஒரு பதிவு. கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையும் எப்படிப் பிறந்தது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டிருக்க வேண்டும், ஏன் தப்பியது என்று இன்னொரு பதிவு. பிழையைத் திருத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. அதை உள்ளே விட்ட நடைமுறையையும் திருத்தினார்கள். ஆளைத் தேடாத இடத்தில்தான் பிழை தன் முழு வரலாற்றையும் சொல்கிறது.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல நிரல் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் என்பவர்களும் உண்டு. நிரல் தான் என்ன செய்கிறது என்பதை நன்றாகவே சொல்லும். எதைச் செய்யாமல் விட்டது, எந்த நம்பிக்கையில் விட்டது என்பதை அது ஒருபோதும் சொல்லாது. இல்லாத காப்புக்கு வரி எண் கிடையாது. நேரத்தைப் பற்றிய கேள்விக்கு அல்பெர்ட்டோ பச்செல்லியும் கிறிஸ்டியன் பேர்டும் மைக்ரோசாஃப்ட் குழுக்களிடையே நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு நல்ல பதில். ரிவியூவின் முதல் நோக்கமாகப் பிழையைப் பிடிப்பதே சொல்லப்பட்டது. உண்மையில் நடந்ததைப் பார்த்தபோது, ரிவியூவின் பலன்களில் பெரும்பங்கு அறிவு பரவுவதும் நிரல் மேம்படுவதுமாக இருந்தது. ரிவியூ செய்பவரின் பெரிய சிரமம் அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்வதிலேயே இருந்தது. அப்படியானால் காரணத்தை எழுதி வைக்கும் இரண்டு நிமிடம் ரிவியூவுக்கு வெளியே செலவாகும் நேரம் இல்லை. அதுதான் ரிவியூ.

இப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பதிவு என்றதும் நாம் கட்டுப்பாட்டை நினைக்கிறோம். எழுதி வைத்துவிட்டால் மாற்ற முடியாது, எழுத்தில் வந்தால் அது சட்டம் என்று நினைக்கிறோம். உண்மை இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. காரணம் எழுதப்படாத முடிவுதான் வருகிறவரைக் கட்டிப்போடுகிறது. அவர் முன்னே இரண்டு வழிகள்தான்: கண்ணை மூடிக்கொண்டு பணிவது, அல்லது கண்ணை மூடிக்கொண்டு மீறுவது. ராக்கெட்டுக்காரர்கள் பணிந்தார்கள், லினக்ஸ்காரர் மீறினார். இரண்டு பேருமே இருட்டில் நின்றார்கள். காரணம் எழுதியிருந்தால் மூன்றாவது வழி பிறக்கிறது. ‘நீங்கள் சொன்னது அன்றைக்குச் சரி, இன்றைக்கு நிலைமை வேறு, ஆகவே மாற்றுகிறேன்’ என்று, தான் பார்த்திராத ஒருவரோடு அவர் வாதிட முடிகிறது. மாற்றலாமா, வேண்டாமா என்று யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. எடைபோட்டுப் பார்க்கும் தராசு கையிலேயே இருக்கிறது.

காரணத்தை எழுதுகிறவருக்கும் இது எளிதான செயல் இல்லை. முடிவை மட்டும் விட்டுச்சென்றால் அவர் தவறு செய்தார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. காரணத்தைச் சேர்த்து வைத்தால், அது எங்கே பிசகுகிறது என்று யார் வேண்டுமானாலும் சுட்டிக்காட்டலாம். தெரிந்தே அந்த இடத்தைத் திறந்து வைக்கிறார். அறிவில் பெரியவர்கள் நமக்கு விட்டுச்சென்றவற்றில் மிக உயர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். முடிவுகளை மட்டும் கொடுத்தவர்களுக்கு நாம் கீழ்ப்படிகிறோம். காரணங்களைக் கொடுத்தவர்களை நாம் தாண்டிப் போகிறோம். தாண்டிப் போவதற்கான வழியைத் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு, ஒரு குழுவிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகிறது என்றால், முடிவுகள் கைமாறுகின்றன என்று பொருள் இல்லை. அவற்றை மறுக்கும் உரிமை கைமாறுகிறது என்று பொருள். ஒரு சிறு பெட்டியில் மூன்று வாக்கியம் எழுதும் ஒவ்வொரு பொறியாளரும் அந்த உரிமையை யாரோ ஒருவர் பெயருக்கு எழுதி வைக்கிறார்.